உன் அப்பாவைச் சங்கம் ஏன் கண்டித்தது

தம்பி,

நீ எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பிய நில அளவையாளர் சங்கத்தின் வரலாற்றை இரண்டு நாளாக உட்கார்ந்து படித்தேன். போனில் எழுத்தெல்லாம் சீரகம் மாதிரி தெரிந்தது. விரலால் இழுத்துப் பெரிதாக்கினால் பாதி வரி வெளியே ஓடிவிடுகிறது, மறுபடி பிடித்து இழுத்து வர வேண்டியிருக்கிறது. ஆனாலும் ஒரு வரி விடாமல் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். பள்ளிக்கூடத்தில் ஒரு பக்கக் கட்டுரைக்கு மூன்று நாள் அழுதவன் நீ. உன்னிடம் போய்ச் சங்கம் தன் மலருக்கு வரலாறு எழுதக் கேட்டிருக்கிறதே என்று முதலில் சிரித்தேன், பிறகு பெருமையாக இருந்தது. "அப்பா காலத்து விஷயம் மட்டும் சரியான்னு பாருங்கம்மா, மாசக் கடைசியில அச்சுக்குப் போகுது" என்று கேட்டிருந்தாய். பார்த்தேன். ஒரு பந்தியைத் தவிர மற்றதெல்லாம் சரி.

அந்தப் பந்தி இப்போது எனக்கு மனப்பாடம். சங்கத்தின் பழைய கூட்டக் குறிப்பில் உன் அப்பாவின் பெயரைக் கண்டுபிடித்திருக்கிறாய். பொதுக்கூட்டத்தில் பெயர் வாசித்துக் கண்டிக்கப்பட்டார் என்று ஒற்றை வரி. காரணம் அதில் இல்லை. காரணத்தை நீயே எழுதிச் சேர்த்திருக்கிறாய்: கண்டியிலிருந்து ஒரு மலையகத் தமிழன் முன்னுக்கு வருவதைப் பொறுக்காமல் செய்த அநியாயம், சங்கத்தின் மேல் இன்றுவரை அழியாத கறை. தம்பி, அது பொய். நீயாகச் சொன்ன பொய் என்றால் இரண்டு திட்டுத் திட்டி முடித்திருப்பேன். அதை உனக்குக் கொடுத்து வளர்த்தவளே நான்தான். போனில் சொல்லலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன். நீ "சரிம்மா, சைட்ல நிக்கிறேன், அப்புறம் பேசுறேன்" என்பாய். நானும் அதைச் சாக்காக வைத்துக்கொண்டு இருக்கிற காலத்தையும் ஓட்டிவிடுவேன். உன் அப்பா போய் நான்கு வருஷம் ஆகிறது. எனக்கும் படியேறினால் மூச்சு வாங்குகிறது. அதனால் எழுதுகிறேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்.

முதலில் சங்கத்தைப் பற்றி. அது எப்படித் தொடங்கியது என்பதை நீ ஒழுங்காக, கோட் போட்டுக்கொண்டு பேசுகிறவன் மாதிரி எழுதியிருக்கிறாய். உன் அப்பா சொன்ன விதம் வேறு. அவர் பிறப்பதற்கு முந்திய காலத்தில் ஒரே காணிக்கு, அதாவது ஒரே துண்டு நிலத்துக்கு, இரண்டு சர்வேயர்கள் இரண்டு பிளான் போட்டார்களாம். இரண்டிலும் கையெழுத்து, இரண்டிலும் முத்திரை. வழக்கு நடந்த நாளில் நீதிபதி இரண்டையும் மேசையில் விரித்துப் பார்த்துவிட்டு, "இதில் எந்தக் காணி இந்த ஊரில் இருக்கிறது?" என்று கேட்டாராம். கோர்ட்டே சிரித்ததாம். கூலி கொடுக்கிறவன் பக்கம் அளவுச் சங்கிலி நீளும் என்று தெருவில் பேச்சு. அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாத சில சர்வேயர்கள் கொழும்பில் ஒரு வாடகை அறையில் கூடினார்கள். சிங்களவர், யாழ்ப்பாணத்தார், முஸ்லிம்கள், பறங்கியர் எல்லாரும் இருந்தார்களாம், கதிரை போதாமல் பாதிப் பேர் நின்றார்களாம். யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. தங்கள் கையைத் தாங்களே கட்டிக்கொள்ள விதி எழுதினார்கள். ஊரை அடக்க விதி எழுதுகிற கூட்டத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், தங்களை அடக்க எழுதியவர்கள் என்று இவர்களைத்தான் கேள்விப்பட்டிருக்கிறேன். அதற்காகவே அந்த மனிதர்களை எனக்குப் பிடிக்கும்.

அவர்கள் எழுதிய விதிகளில் இரண்டை உன் அப்பா சாப்பாட்டுத் தட்டின் முன்னால்கூடச் சொல்வார். ஒன்று, பிளானில் கையெழுத்துப் போட்டவனே முழுப் பொறுப்பு. சங்கிலி பிடித்தவன், படம் கீறியவன், மழை, வெயில் எதையும் கை காட்டக் கூடாது. மற்றது, ஓர் உறுப்பினரின் பிளான் மீது முறைப்பாடு வந்தால், விசாரிக்கப் போகிறவர் தனியாகப் போய் அளக்கக் கூடாது. டேப்பின் ஒரு முனையைக் குற்றம் சாட்டப்பட்டவர் பிடிக்க வேண்டும், மறுமுனையை விசாரிப்பவர் பிடிக்க வேண்டும். அளவை இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இதை நீ அரை வரியில் தாண்டிப் போயிருக்கிறாய். ட்ரோன் பறக்கவிட்டு அளக்கிற உனக்கு அது பழங்கதையாகத் தெரியலாம். நம் வீட்டை அந்த வழக்கம்தான் காப்பாற்றியது.

உன் அப்பா ஹந்தானையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர் என்பது உனக்குத் தெரியும். அந்தக் குடும்பத்துக்குச் சொந்தமென்று ஒரு பேர்ச் அளவு காணிகூடக் கிடையாது. குடியிருந்த ஒற்றை அறைக் காம்பிராகூடத் தோட்டத்துடையது. அப்படிப்பட்டவர் படித்து, தியத்தலாவைக்குப் போய் அளவை கற்று, அனுமதிப் பத்திரம் எடுத்து, ஊரார் காணியையெல்லாம் அளந்து கொடுத்தார். சங்கத்தில் சேர நேர்முகத்துக்குப் போன கதையை எனக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பார். எந்த ஊர் என்று கேட்டார்களாம். ஹந்தானை, இன்ன தோட்டம், இன்ன லயம் என்றாராம். அதுவரை அவர் ஏறிய அரசாங்கக் கந்தோர்களில் எல்லாம் அந்தப் பதிலுக்குப் பிறகு வரும் கேள்வி ஒன்றுதான்: பிரஜாவுரிமைப் பத்திரம் எங்கே? இங்கே அதை விலாசமாக எழுதிக்கொண்டு, கோண அளவைப் பற்றி அடுத்த கேள்வி கேட்டார்கள். "எழுதிக்கிட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டாங்க புள்ள" என்று சொல்லும்போது அவருக்குக் குரல் மாறிவிடும். அந்த அங்கத்துவச் சான்றிதழைச் சட்டம் போட்டுச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். நான் எடுத்துக் கூடத்தில் மாட்டுவேன், அவர் திரும்பக் கொண்டுபோய் முருகனுக்குப் பக்கத்தில் மாட்டுவார். கடைசியில் முருகனும் நானும் விட்டுக்கொடுத்தோம்.

கண்டி மஹய்யாவவில் இருந்த நம் வீட்டின் முன் அறைதான் அவர் கந்தோர். அவர் வெளியே அளந்து வருவார், நான் உள்ளே அந்த அளவுகளை வைத்துப் பிளான் படம் கீறுவேன். சம்பளமில்லாத வேலை என்று உன் மாமா கிண்டல் செய்வார். என் கோடுகளைப் பற்றி எனக்குப் பெருமை அதிகம். காணிக் கந்தோரில் என் படத்தைப் பார்த்து "இது அச்சா, கையா?" என்று கேட்டிருக்கிறார்கள். அந்தப் பெருமைதான் பிறகு வினையாயிற்று. உங்கள் காலத்தில் எல்லாம் மெஷினுக்குள் போய்விட்டதால், அளவுகளைக் குறித்துவரும் அந்த ஃபீல்ட் புக் எப்படி இருக்கும் என்று ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், அது தெரியாவிட்டால் மேலே சொல்லப்போவது விளங்காது. அதைப் பக்கத்தின் அடியிலிருந்து மேல்நோக்கி எழுதுவார்கள். சர்வேயர் முன்னோக்கி நடக்கிறார், எழுத்தும் அவரோடு மேலே ஏறுகிறது. நடுவில் நடந்த தூரம்; இடது கைப் பக்கம் இருப்பது இடப்பக்கம், வலது கைப் பக்கம் இருப்பது வலப்பக்கம். நனைந்தாலும் கிழிந்தாலும் அந்தப் பக்கத்தைத் திருப்பி எழுதக் கூடாது. பிழை வந்தால்கூட ஒற்றைக் கோடு போட்டு வெட்டலாமே தவிர, அழிக்கக் கூடாது.

நீ ஒன்பதாம் வகுப்பில் இருந்த வருஷம், அம்பிட்டியவில் ஒரு சரிவுக் காணியை அளக்கும் வேலை வந்தது. வாங்குகிறவர் கண்டி டவுனில் புடவைக் கடை வைத்திருந்த நம் ஆள், கோயிலில் அடிக்கடி பார்க்கிறவர். பக்கத்துக் காணி ஓய்வு பெற்ற ஒரு சிங்கள டீச்சரம்மாவுடையது. இரண்டு காணிக்கும் நடுவே எல்லை பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகும். ஒரு வளைவில் பாறையிலிருந்து வடியும் ஊற்றுக்கு மூங்கில் வைத்து ஒரு பீலி. அது டீச்சரம்மா பக்கம். அந்த வீட்டுக்குக் குடிக்க, குளிக்க வேறு தண்ணீர் இல்லை. இன்னொரு வளைவில் ஒரு பாறையும் கள் இறக்கும் கித்துள் மரமும், அது வாங்குகிறவர் பக்கம். அளந்து முடிக்கும் நேரத்தில் பிடித்த மழை, உன் அப்பா தொப்பலாக நனைந்து வந்தார். ஃபீல்ட் புக்கைச் சட்டைக்குள் வைத்திருந்தும் ஒரு பக்கத்தில் மை ஊறிப் பரவிவிட்டது. மறுநாள் அவருக்குக் காய்ச்சல், கண் திறக்க முடியவில்லை. புடவைக் கடைக்காரர் காணி உறுதிப் பத்திரம் எழுத நல்ல நாள் பார்த்துவிட்டார், ஆள் மேல் ஆள் அனுப்பினார்.

நான் அந்தப் பக்கத்தை அடுப்படியில் காய வைத்தேன். எழுத்துத் தெரிந்தது, ஆனால் பார்க்க அசிங்கமாக இருந்தது. அசிங்கமான பக்கம் என் கைக்கு ஆகாது. அடுத்த வெள்ளைப் பக்கத்தில் அழகாகத் திருப்பி எழுதினேன். எழுதும்போது கடிதம் எழுதுகிற பழக்கத்தில் மேலிருந்து கீழாக எழுதிவிட்டேன். தூரத்தை மேலிருந்து தொடங்கினேன், இடத்தையும் வலத்தையும் மாற்றாமல் அப்படியே விட்டேன். அதைப் பார்த்தே படமும் கீறினேன். மேலே ஏறிப் போகிறவனுக்கு இடது கையில் இருப்பது, தலைகீழாக இறங்கி வந்தால் வலது கைக்குப் போய்விடும் அல்லவா? அந்த ஒரு பக்கம் முழுவதும் இடம் வலமாக, வலம் இடமாகப் போயிற்று. பீலி புடவைக் கடைக்காரர் காணிக்குள் வந்துவிட்டது. நீளங்கள் எல்லாம் சரியாக இருந்ததால் கணக்கு எங்கும் இடிக்கவில்லை. இன்னும் ஈரம் முழுக்கப் போகாத அந்த நனைந்த பக்கத்தை முந்திய பக்கத்தோடு சேர்த்து அழுத்திவிட்டேன், இரண்டும் ஒட்டிக்கொண்டன. கையெழுத்துப் போடும் முன் பிளானோடு காணிக்குப் போய் ஒரு தடவை சரிபார்க்க வேண்டும் என்பது உன் அப்பாவே வைத்திருந்த வழக்கம். அன்று கட்டிலில் படுத்தபடியே, "சரியாப் பாத்தியா புள்ள?" என்று கேட்டார். "பாக்காமயா உங்க கிட்ட குடுக்குறேன்?" என்றேன். கையெழுத்துப் போட்டார்.

இரண்டு மாதத்தில் அம்பிட்டியவில் முள்ளுக்கம்பி வேலி எழுந்தது. பீலி வேலிக்கு அந்தப் பக்கம். ஒரு நாள் காலையில் டீச்சரம்மா குடையோடு நம் வீட்டுப் படியேறி வந்தார். உன் அப்பா மாத்தளைப் பக்கம் வேலைக்குப் போயிருந்தார். அந்த அம்மா கோபமாகக்கூடப் பேசவில்லை, சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார்: "அளக்க வந்த அன்று உங்கள் கணவர் அந்தப் பீலியில்தான் தண்ணீர் குடித்தார். என்னிடம் கேட்டுவிட்டுத்தான் குடித்தார். அது யாருடையது என்று அவருக்குத் தெரியும்." நான் என்ன செய்தேன் தெரியுமா? உள்ளே போய்ப் படத்தை எடுத்து வந்து அவர் முன்னால் விரித்து, பிளானில் இருப்பதுதான் சரி, வேண்டுமானால் சட்டத்தரணியைப் பாருங்கள் என்றேன். அவர் என் படத்தைப் பார்க்கவே இல்லை, என் முகத்தைப் பார்த்தார். போய்விட்டார். அவர் வந்து போனதை உன் அப்பாவிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மனுஷன் அன்றைக்கே பஸ் பிடித்துப் போய்ப் பார்த்திருப்பார், எல்லாம் ஒரே நாளில் முடிந்திருக்கும். பக்கத்தைத் தப்பாக எழுதியது கவனக்குறைவு. இது அப்படியில்லை, தம்பி. இது திமிர்.

அதன் பிறகு அந்த அம்மா சங்கத்துக்கு எழுதினார். பிளான் போட்டவரும் காணி வாங்கியவரும் ஒரே இனம், ஒரே கோயில். தன் ஆளுக்காக எல்லையை மாற்றி வரைந்திருக்கிறார் என்று எழுதினார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். அந்தக் குற்றச்சாட்டு நிரூபிக்கப்பட்டால் சங்கப் பட்டியலில் பெயர் வெட்டுப்படும், அனுமதிப் பத்திரமும் போகும். கடிதம் வந்த அன்று உன் அப்பா சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்து போனார். "தப்பா அளந்தேன்னு சொன்னாத் தாங்கிக்குவேன். ஆளுக்காக அளந்தேன்னு சொல்றாங்களே" என்றார். அவர் பக்கத்தில் நின்ற எனக்கு அப்போதும் விளங்கவில்லை. என் படத்தில் பிழை இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

விசாரிக்க மூன்று பேர் வந்தார்கள். தலைவர் தென்பகுதிச் சிங்களப் பெரியவர், எழுபதைத் தொட்டவர், ஒல்லியாக உயரமாக இருந்தார். இன்னொருவர் யாழ்ப்பாணத்தார். மூன்றாமவர் அதிகம் பேசவில்லை, எழுதிக்கொண்டே இருந்தார். நான் மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலோடு அம்பிட்டியவுக்குப் போனபோது பெரியவர் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, காற்சட்டையை முழங்கால் வரை மடித்துக்கொண்டு சேற்றில் நின்றார். டேப்பின் ஒரு முனை அவர் கையில், மறுமுனை உன் அப்பா கையில். அவர் ஓர் அளவைச் சொல்வார், உன் அப்பா அதையே திருப்பிச் சொல்வார், மூன்றாமவர் எழுதுவார். குற்றவாளி என்று தள்ளி நிற்க வைக்கவில்லை. கூட வேலை செய்கிறவன் மாதிரி நடத்தினார்கள். பீலி வரும் வளைவை அளந்தார்கள். பிளானுக்கு எதிர்ப் பக்கம் வந்தது. உன் அப்பா அந்த அளவையும் வாய்விட்டுத் திருப்பிச் சொன்னார். டீச்சரம்மா வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். முறைப்பாடு பீலியைப் பற்றித்தானே, அது நிரூபிக்கப்பட்டுவிட்டதே! பெரியவர் நிறுத்தவில்லை. கேட்காத வளைவுகளையும் அளக்கத் தொடங்கினார்.

மறுநாள் கித்துள் மரத்தடிக்கு வந்தபோது யாழ்ப்பாணத்தார் பிளானையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "பொறுங்கோ, இதுவும் மறுபக்கம் போயிருக்கு" என்றார். "பீலி அவருக்கு லாபம் எண்டால், இந்தப் பாறையும் மரமும் அவருக்கு நட்டமெல்லோ? ஆளுக்காகச் செய்யிறவன் இதை ஏன் குடுக்கிறான்?" அதுவரை எல்லாரும், கடைக்காரர்கூட, தண்ணீரை மட்டும்தான் பார்த்திருந்தார்கள். வேலி போட்டபோது மரத்தடியில் தனக்குக் காணி குறைந்ததை அவர் கவனிக்கவே இல்லை. பெரியவர் தலையாட்டினார். பிறகு, "ஃபீல்ட் புக்கைப் பார்க்கலாமா?" என்று கேட்டார்.

நம் வீட்டுக்கு வந்தார்கள். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுபோய் வைத்தேன். பெரியவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டு வந்தவர் என் அழகான பக்கத்தில் நின்றார். மற்றதெல்லாம் அடியிலிருந்து மேலே போக, இது மட்டும் மேலிருந்து கீழே வருகிறது, எழுத்தும் வேறு. முந்திய பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார், தடிப்பாக இருந்தது. ஆவி பறக்கிற தேத்தண்ணிக் கோப்பைக்கு மேலே அதைப் பிடித்துக்கொண்டு, குழந்தைக்குச் சட்டை கழற்றுகிற மாதிரி அவ்வளவு மெதுவாக ஒட்டியதைப் பிரித்தார். நனைந்த பக்கம் வெளியே வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அந்த நிமிஷத்தில்தான் எனக்கு விளங்கியது. "இந்தப் பக்கம் யாருடைய எழுத்து?" என்று சிங்களத்தில் கேட்டார். உன் அப்பா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "கீழ இருக்கிறது என் கையெழுத்து மாத்தயா. பொறுப்பு என்னுது" என்றார். பெரியவர் படம் கீறும் மேசையைப் பார்த்தார், மைப் பேனாக்களைப் பார்த்தார், பிறகு என்னை ஒரு தடவை பார்த்தார். நான் சொல்லியிருக்கலாம். கையில்தான் தட்டு இருந்தது, வாய் சும்மாதான் இருந்தது. நான் பேசவில்லை.

அவர்கள் தீர்ப்பு உனக்குக் கிடைத்த அந்த ஒற்றை வரியை விடப் பெரியது, தம்பி. பக்கச்சார்பு இல்லை, கெட்ட நோக்கம் இல்லை என்று டீச்சரம்மாவுக்கு அவர்களே எழுதிக் கொடுத்தார்கள். ஃபீல்ட் புக் பக்கத்தைத் திருப்பி எழுத இடம் கொடுத்ததற்கும், காணிக்குத் திரும்பிப் போய்ப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதற்கும் மட்டும் கண்டனம். யோசித்துப் பார். நாட்டில் நம்மைச் சந்தேகமாகவே பார்த்த காலம் அது. தமிழன் தமிழனுக்காகச் செய்தான் என்று எழுதிவிட்டு மத்தியான ரயிலில் போயிருந்தால் ஒருவரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். அந்த மனிதர்கள் இரண்டு நாள் சேற்றில் நின்று, உன் அப்பாவின் நேர்மையைத் தேடிக் கண்டுபிடித்துக் கையில் கொடுத்தார்கள். நீ அவர்களைக் கறை என்று எழுதியிருக்கிறாய்.

கொழும்பில் நடந்த பொதுக்கூட்டத்துக்கு வராமல் இருக்கலாம், கடிதம் அனுப்பினால் போதும் என்று சொல்லியும் உன் அப்பா போனார். நானும் கூடப் போனேன், உன்னை மாமா வீட்டில் விட்டுவிட்டு. முன் வரிசையில் உட்கார்ந்தார். பெயரை வாசித்தபோது எழுந்து நின்றார், முழுவதும் வாசித்து முடியும் வரை நின்றார். பின்வரிசையில் இருந்த எனக்கு அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்தில் வியர்வை. முடிந்ததும் பெரியவர், "இத்தோடு இது முடிந்தது, இனி இதைப் பற்றி நம்மில் யாரும் பேசுவதில்லை" என்றார். பிறகு தன் இடத்திலிருந்து இறங்கி வந்து உன் அப்பாவின் கையைப் பிடித்தார். அவருக்குப் பின்னால் வரிசையாக எல்லாரும் வந்து கை கொடுத்தார்கள். அதுவும் அங்கே ஒரு வழக்கமாம். அடுத்த மாதமே அந்தப் பெரியவர் அனுப்பிய ஒரு பெரிய வேலை நம் வீட்டுக்கு வந்தது. பேசுவதில்லை என்று சொன்னவர்கள் சொன்னபடி பேசாமலே இருந்துவிட்டார்கள். அதனால்தான் உனக்குக் குறிப்பில் காரணம் கிடைக்கவில்லை.

திரும்பி வரும் ரயிலில் கடுகண்ணாவ தாண்டும்போது உன் அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "இனிமே நனைஞ்ச பக்கத்த நனைஞ்ச மாதிரியே வச்சிரு புள்ள" என்றார். அவ்வளவுதான். சாகும் வரை அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. கோபத்தில் சண்டை போடும்போதுகூட, நான் குழம்பில் உப்புப் போட மறந்ததைச் சொல்லிக் காட்டுவார், இதைச் சொல்ல மாட்டார். அம்பிட்டிய பிளானைக் கூலி வாங்காமல் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். வேலி நகர்ந்தது. டீச்சரம்மாவிடம் தானே போய் மன்னிப்புக் கேட்டார். போக வேண்டியவள் நான்.

இப்போது உன் மாமாவுக்கு வருகிறேன். நாங்கள் கொழும்பில் இருந்த அன்று மாமா உன்னிடம், "தமிழன்னு பாத்துத்தான்டா உங்கப்பாவ அடிச்சிட்டானுங்க" என்று சொல்லியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கலவரத்தில் தன் கடை கண் முன்னால் எரிந்ததைப் பார்த்தவர் அவர். அவருக்கு அப்படித்தான் தோன்றும். இந்த நாட்டில் அது பல இடங்களில் உண்மையாகவும் இருந்தது. மறுநாள் நீ என்னிடம் வந்து, "நெசமாம்மா?" என்று கேட்டாய். அடுப்படி வாசலில், பள்ளிச் சீருடையில் நின்றாய். நான், "உங்கப்பா ஒரு தப்பும் பண்ணல ராசா" என்றேன். பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொன்னால் தப்புப் பண்ணியது யார் என்று கேட்பாய். மாமாவின் காரணம் எனக்கு வசதியாக இருந்தது. அதை எடுத்து என் பிழையை மூடிக்கொண்டேன். நம் சனத்துக்கு நிஜமாக நடந்த அநியாயத்தைக் கொண்டுபோய் என் கைத்தவறுக்குப் போர்வையாகப் போட்டேன் பார், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. நீ அப்பாவின் தொழிலையே எடுத்துக்கொண்டாய், ஆனால் சங்கத்துக் கூட்டங்களில் முறைத்துக்கொண்டே இருந்தாய். அவர்கள் கூப்பிட்ட பதவிகளை வேண்டாம் என்றாய். ஏன் என்று அப்பாவுக்குத் தெரியாது. "இவனுக்கு ஏன் அவங்களப் பிடிக்கல?" என்று என்னிடம் கேட்பார். எனக்குத் தெரியும். தெரிந்தும் தோளைக் குலுக்கினேன்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா தெரியவில்லை, ஆனாலும் தாய்க்கு வாய் சும்மா இருக்காது. உன் கீழே படம் கீறுகிற பிள்ளைகளிடம் அன்பாக இரு, ஆனால் அவர்கள் தருவதைக் காணிக்குக் கொண்டுபோய்ப் பார். உன் வேலையில் குறை இருக்கிறது என்று ஒருவர் படியேறி வந்தால், முதலில் உட்கார வை. உன் மனைவி சின்னப் பிழை செய்தால் பெரிதாகச் சிரி, அப்போதுதான் அவள் பெரிய பிழையை உன்னிடம் மறைக்க மாட்டாள். உன் அப்பா நல்லவர், ஆனால் பிழையைக் கண்டு அவரால் சிரிக்க முடியாது. மறைக்க எனக்கு அதுவும் ஒரு காரணமாக இருந்தது.

அந்தப் பந்தியை எடுத்துவிடு என்று நான் கேட்கப் போவதில்லை. எடுத்தால் அந்த வரி காரணம் இல்லாமல் தொங்கும், நாளைக்கு இன்னொருவன் தன் காரணத்தை மாட்டுவான். முழுவதையும் எழுது. சேற்றில் நின்ற பெரியவரை எழுது, கித்துள் மரத்தடியில் யாழ்ப்பாணத்தார் கேட்ட கேள்வியை எழுது, எழுந்து நின்ற உன் அப்பாவை எழுது. ஒரு சங்கம் நல்லது என்று சொல்ல அதைவிட வேறென்ன வேண்டும்? என்னையும் எழுது. அம்மாவை எப்படி அச்சில் போடுவது என்று நீ தயங்குவாய், உன்னை எனக்குத் தெரியும். அதனால் உனக்கு அந்தக் கஷ்டத்தை வைக்கவில்லை. இந்தக் கடிதத்தை இரண்டு பிரதி எழுதினேன். ஒன்றை இன்று காலை கண்டித் தபால் கந்தோருக்குப் போய், மலர்க் குழுவின் விலாசத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன், இதை மகனுக்கு எழுதிய கடிதமாகவே முழுவதும் போடுங்கள் என்று ஒரு துண்டும் வைத்து. உனக்கு இது கிடைக்கும்போது அவர்கள் கையிலும் இருக்கும். முன்னரே கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய், நானும் சரி என்றிருப்பேன்.

உன் அப்பா இருக்கும்போது செய்திருக்க வேண்டியது. செய்யவில்லை. அவர் எனக்காக எழுந்து நின்றார், நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

அம்பிட்டிய பிளானின் அந்தப் பக்கத்தைத் தப்பாக எழுதியவள்,
உன் அம்மா